தறி இருந்த வீடு

தெள்ளாறு என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு பட்டப்பெயர்: தெள்ளாறெறிந்த நந்திவர்மன். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் பாண்டியனை இங்கே முறியடித்தான். நந்திக் கலம்பகம் அந்த வெற்றியைச் சொல்லி அலுப்பதில்லை. இன்று தெள்ளார் என்று எழுதப்படும் அந்த ஊர், திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்தில் இருக்கிறது. வந்தவாசியில் 1760-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். ஆரணியில் 1751-இல் கிளைவ் சண்டையிட்டார். 1782-இல் அதே ஆரணியில் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயரை எதிர்கொண்டது. ஆயிரம் ஆண்டுகளாகப் படைகள் போய்வந்த தடம் இது. படை போன தடத்தில் பிழைப்புத் தேடியவர்களும் வந்தார்கள். வீட்டில் தெலுங்கும் உருதும் மராத்தியும் பேசிக்கொண்டு கடைத்தெருவில் வட ஆர்க்காட்டுத் தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே யாருக்கும் புதுமை இல்லை.

இவர்களில் நெசவாளர்களின் கதை தனி. ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று இந்த வட்டாரத்து ஊர்களில் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் தமிழ் பேசும் செங்குந்தர். கூடவே, குஜராத்தின் ஒரு பகுதியின் பெயரைத் தங்கள் பெயராகக் கொண்ட சௌராஷ்டிரரும் உண்டு. காஞ்சிபுரம், ஆரணி, வாலாஜாபேட்டை, சேலம், கும்பகோணம், அய்யம்பேட்டை, திண்டுக்கல், பரமக்குடி, எல்லாவற்றுக்கும் மேலாக மதுரை என்று அவர்கள் குடியிருக்கும் ஊர்களைக் கோடு போட்டு இணைத்தால் தமிழ்நாட்டின் பழைய துணிச் சந்தையின் வரைபடம் கிடைத்துவிடும். சில நூறு ஆண்டுகளாக இங்கே வாழ்கிறார்கள். வீட்டில் இன்றும் ஓர் இந்தோ-ஆரிய மொழி பேசுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் ஏறக்குறைய 2.47 லட்சம் பேர்.

புலம்பெயர்ந்தவர்கள் பற்றிய பேச்சில் எல்லோரும் எளிதாக ஒப்புக்கொள்ளும் ஒரு வாய்பாடு உண்டு. வேலையிடத்தில் மனிதர்கள் மாறிக்கொள்வார்கள், வீட்டில் பழையதைக் காப்பார்கள். இதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. நெதர்லாந்தில் குடியேறிய துருக்கியர்களிடம் அரென்ட்ஸ்-டோத், வான் டி வைவர் என்ற இரு உளவியலாளர்கள் நடத்திய ஆய்வு 2003-இல் வெளியானது. பொது இடத்தில் டச்சுப் பண்பாட்டை ஏற்கவும், வீட்டுக்குள் துருக்கியப் பண்பாட்டைத் தொடரவும் அவர்கள் விரும்பினார்கள் என்பது அதில் தெரிந்தது. கனடாவின் ஜான் பெர்ரி அதற்கு முன்பே, குடியேறிகள் ஒன்று கலப்பார்கள், அல்லது ஒதுங்குவார்கள், அல்லது இரண்டையும் வைத்துக்கொள்வார்கள், அல்லது இரண்டையும் இழப்பார்கள் என்று நான்கு வகையாகப் பிரித்திருந்தார். துருக்கியர் ஆய்வு, ஒரே மனிதர் இடத்துக்கு இடம் வேறு வகையில் விழுவார் என்று காட்டியது. நல்ல திருத்தம்தான். ஆனால் அந்தத் துருக்கியர் காலையில் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் தொழிற்சாலைக்குப் போகிறவர். ஆரணி நெசவாளருக்கு அந்தக் கதவு கிடையாது. அவருடைய தறி வீட்டுக்குள் இருக்கிறது. சௌராஷ்டிரர் கதையை அங்கிருந்து பார்த்தால் வாய்பாடு தலைகீழாகிறது: அவர்கள் வீட்டில் மாற்றிக்கொண்டது மிகப் பெரிது, வேலையில் காத்துக்கொண்டதும் அதே அளவு பெரிது.

இடம்பெயர்ந்த பட்டு நெசவாளர்கள் பற்றி இந்தியாவில் கிடைக்கும் மிகப் பழைய ஆவணங்களில் ஒன்று மத்தியப் பிரதேசத்தின் மந்தசோரில் இருக்கிறது. தெற்கு குஜராத்தின் லாட நாட்டிலிருந்து தசபுரம் என்ற அந்த ஊருக்குக் குடிவந்த பட்டு நெசவாளர் கூட்டமைப்பு ஒன்று, ஐந்தாம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே ஒரு சூரியன் கோயில் கட்டியது. பழுதுபட்ட கோயிலை 473-இல் புதுப்பித்தபோது வத்ஸபட்டி என்ற கவிஞரை வைத்து வடமொழியில் செய்யுள் எழுதிக் கல்லில் பொறித்தது. குடியேறிகள் என்ன ஆனார்கள் என்று அந்தக் கல்வெட்டு விவரமாகவே சொல்கிறது. சிலர் நெசவைத் தொடர்ந்தார்கள். சிலர் வில்வித்தை கற்றார்கள்; சிலர் கதை சொல்பவர்களாகவும், சோதிடம் அறிந்தவர்களாகவும், சமய உரை செய்பவர்களாகவும் ஆனார்கள். நடுவே தங்கள் பட்டின் பெருமையையும் பாடிக்கொள்கிறார்கள். கல்லில் வெட்டிய துணி விளம்பரம் என்று அதை வரலாற்று ஆசிரியர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்த நெசவாளர்களின் வழிவந்தவர்களே இன்றைய சௌராஷ்டிரர் என்று நிறுவச் சான்றில்லை. சமூகத்தின் சொந்தப் பெருமை நூல்கள் அந்த இணைப்பைத் தயங்காமல் போட்டுவிடுகின்றன. எனக்கு அந்தக் கல்வெட்டு வேறொரு காரணத்துக்காக முக்கியம். வந்தவர்கள் தனி ஆட்களாக வரவில்லை. ஓர் அமைப்பாக வந்தார்கள். புது ஊரில் அந்த அமைப்பே கோயில் கட்டியது, அதைப் புதுப்பித்தது, கவிஞரை வைத்துக் கல்லில் பொறித்தது. தொழிலைக் கைவிட்டு வில்லெடுத்தவர்களைக்கூட அது தன் பட்டியலிலிருந்து நீக்கவில்லை.

சௌராஷ்டிரரின் சொந்த நினைவு கஜினி முகமதுவின் சோமநாதபுரப் படையெடுப்பில் தொடங்குகிறது. அங்கிருந்து தேவகிரி, பிறகு விஜயநகரம், அந்தப் பேரரசு 1565-இல் சரிந்தபின் இன்னும் தெற்கே. மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையைச் சுற்றிய தெருக்களில் குடியமர்ந்தார்கள் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் வரலாறு. இந்தப் பயணத்தைத் திருமணத்தில் இரு வீட்டாரும் கேள்வியும் பதிலுமாகச் சொல்லும் வழக்கம் இருந்தது. நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஒரு தரப்பு கேட்க, ஊர் ஊராகப் பெயர் சொல்லி மறுதரப்பு பதில் சொல்லும். தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் பட்டுநூல்காரர் என்ற தலைப்பின் கீழ் இவர்களைப் பற்றி நீண்ட குறிப்பு உண்டு. அகதிகளின் நினைவு கல்யாணப் பந்தலில் வாய்ப்பாடமாக நிற்பது அபூர்வம்.

அதே குறிப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. தாய்மாமன் மகளை மணக்கும் உரிமை. வட இந்தியாவில் பெரும்பாலான சமூகங்களில் இது நினைத்துப் பார்க்கவே கூடாத உறவு. மாமன் மகள் அங்கே சகோதரி. தென்னாட்டிலோ அவள் முறைப்பெண். சௌராஷ்டிரர் வழியில் எங்கோ தென்னாட்டு முறையை எடுத்துக்கொண்டு, தங்கள் வழக்கமாகவே ஆக்கிக்கொண்டார்கள். யாரை அக்கா தங்கை என்று கருதுவது, யாரை மணப்பது என்பதைவிட வீட்டின் ஆழத்தில் இருக்கும் விஷயம் வேறென்ன? துணியின் கரையை மாற்றுவது சந்தை கேட்கிற மாற்றம், ஒரு வாரத்தில் செய்துவிடலாம். மணமுறையை மாற்றுவது ஓர் இனத்தின் உறவு இலக்கணத்தையே மாற்றுவது. வீட்டில் பழையதைக் காப்பார்கள் என்ற விதி இங்கே அப்பட்டமாகத் தோற்கிறது.

ஏன் மாற்றிக்கொண்டார்கள்? இதற்கு ஆவணம் கிடையாது. என் ஊகத்தைச் சொல்கிறேன். முறைப்பெண் கல்யாணம் தறிக்குத் தோதானது. பட்டு நெசவு ஓர் ஆள் வேலை இல்லை. நூல் இழைக்க, தார் சுற்ற, பாவு தோய, பாவு பிணைக்க என்று வீடு முழுவதும் அதில் கைவைக்கிறது. கோர்வைச் சேலை என்றால் கேட்கவே வேண்டாம்: உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம், மூன்று நாடா ஓட வேண்டும், நெசவாளர் ஒருவர், கரையின் நாடாவைத் தள்ள பக்கத்தில் இன்னொருவர். மருமகளாக வருகிறவள் இந்த வேலையை அறிந்தவளாக, தறியோசையில் வளர்ந்தவளாக இருந்தால் வீட்டுக்கு ஒரு கை கூடுகிறது. மாமன் வீடும் நெசவு வீடுதான். சிறிய சமூகம், சிதறிய ஊர்கள், பெண் தேட எல்லை குறைவு. இந்த நிலையில் தென்னாட்டு முறை ஒரே கல்லில் பல காய் அடித்தது.

இனி வேலைப் பக்கம். வேலையில் அவர்கள் மாறிக்கொள்ளவில்லை என்று சொன்னால் மதுரைச் சுங்குடி என் முகத்தில் அடிக்கும். குஜராத்தின் முடிச்சுச் சாயக் கலையைப் பருத்தியில் போட்டு, தமிழ்நாட்டு வெயிலுக்கு ஏற்ற சேலையாக்கி, அதற்குப் புவிசார் குறியீடு வாங்கும் வரை வந்துவிட்டார்கள். வடக்கே ஆரணியிலும் காஞ்சியிலும் மயில், அன்னம், கோபுரம், ருத்ராட்சம் எல்லாம் போட்டு நெய்தது தமிழ்க் கல்யாணத்துக்கு. வாங்குகிறவர் விருப்பப்படிதான் நெய்ய முடியும். காஞ்சிப் பட்டைவிட எடையும் விலையும் குறைந்த சேலை என்று ஆரணிப் பட்டு தனக்கொரு இடம் பிடித்ததும் சந்தைக் கணக்குதான். ஜரிகைக்கு மட்டும் இன்றும் சூரத்தையே பார்க்க வேண்டியிருக்கிறது. குஜராத்தை விட்டு வந்தவர்களின் மடியில் குஜராத்திலிருந்து வந்த ஜரிகைக் கண்டு கிடப்பதில் உணர்ச்சிவசப்பட ஒன்றுமில்லை. செங்குந்தர் தறியிலும் அதே சூரத்து ஜரிகைதான்.

ஆனால் வேலை என்பதையே இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நெய்வது ஒன்று, விற்பது ஒன்று. முதலாளியிடம் கூலி பேசுவது, கூட்டுறவுச் சங்கத்தில் பாவு வாங்குவது, சேலையைக் கொண்டுபோய் நிறுத்துக் காட்டுவது, முன்பணக் கணக்கு இவையெல்லாம் தமிழில் நடந்தன. தறிக்குழிக்குள் நடந்த பேச்சு வீட்டு மொழியில் நடந்தது. அறுந்த இழையைக் கட்டச் சொல்வது, கரைப்பக்கம் இழுவை சரியில்லை என்பது, ஜக்கார்டு அட்டை தவறி விழுந்ததைக் கவனிக்கச் சொல்வது, நடுவே பக்கத்து வீட்டுக் கதை, அடுப்பில் இருப்பதைப் பார்க்கச் சொல்வது என்று எல்லாமே ஒரே பேச்சுதான். நாளில் பத்து மணி நேரம் குடும்பமே ஓர் அறையில், ஒரே வேலையில், ஒரே மொழியில் இருந்தது. சில நூறு ஆண்டுகளாக ஒரு சிறுபான்மை மொழி எழுத்துக்குக்கூட நிலையான வடிவமில்லாமல் பிழைத்ததற்கு இதைவிட நம்பத்தக்க விளக்கம் எனக்குத் தெரியவில்லை. சௌராஷ்டிரரின் மொழிப்பற்று என்று மேடைகளில் சொல்வார்கள். பற்று இருந்திருக்கலாம். தறி இல்லாத இடத்தில் பற்று எத்தனை தலைமுறை தாங்குகிறது என்பதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த மொழியும் வந்தபடியே இருந்துவிடவில்லை. மராத்தியும் கன்னடமும் நிறையத் தெலுங்கும், கடைசியாகத் தமிழும் அதில் படிந்திருக்கின்றன. லண்டனில் இருந்து இந்த மொழியை ஆராய்ந்த ராண்டில் 1940-களில் இதைப் பற்றி எழுதினார். பிறகு ஜப்பானிய அறிஞர் உச்சிடா நோரிஹிகோ அகராதி தொகுத்தார். மொழி வந்த வழியை ஊர்ப்பெயர்களைவிடச் சொற்கள் நம்பகமாகச் சொல்கின்றன. எழுத்துக்காக மதுரை ராமராய் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாடுபட்டார். அவர் வழிவந்த எழுத்து 2008-இல் யூனிகோடில் ஏறியது. அதற்குள் சமூகத்தில் தேவநாகரிக் கட்சி ஒன்று, சொந்த எழுத்துக் கட்சி ஒன்று என்று சண்டை நடந்து முடிந்து, பெரும்பாலானவர்கள் சத்தமில்லாமல் தமிழ் எழுத்தின் தலையில் எண் போட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். பாடகர் டி.எம். சௌந்தரராஜன் பெயரில் உள்ள முதல் எழுத்து தொகுளுவா என்ற குடும்பப் பெயர். தமிழ்நாட்டு வழக்கப்படி அது ஒற்றை எழுத்தாகச் சுருங்கி அப்பா பெயருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. கேட்பவர்கள் யாரும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

தியாகராசரின் நேர்ச் சீடர் வேங்கடரமண பாகவதர் அய்யம்பேட்டையிலிருந்து வாலாஜாபேட்டைக்கு வந்து வாழ்ந்த சௌராஷ்டிரர். தியாகராசரின் கீர்த்தனைகள் இன்று கிடைப்பதில் அவர் குடும்பத்தார் எழுதி வைத்த சுவடிகளுக்குப் பெரிய பங்குண்டு. தமிழ் மண்ணில், தெலுங்குக் கீர்த்தனையை, வீட்டில் வேறு மொழி பேசியவர்கள் காப்பாற்றினார்கள். இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சமூகத்தின் பெரும் எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம் கும்பகோணத்து நெசவாளர் வாழ்க்கையை வேள்வித் தீ நாவலாகத் தமிழில்தான் எழுதினார். அவரும் பட்டு ஜரிகை வியாபாரம் பார்த்தவர். எழுதுவதற்கு ஒரு மொழி, நெய்வதற்கு ஒரு மொழி.

புது நாட்டில் எந்தப் படியில் நிற்பது என்ற கேள்வி குடியேறிகளை விடுவதில்லை. சௌராஷ்டிரர் தங்களைப் பிராமணர் என்றார்கள். பூணூல் மாற்றும் உபாகர்மத்தைச் செய்யப்போய் மதுரையில் சிக்கல் எழுந்தது. ராணி மங்கம்மாள் அறிஞர்களைக் கூட்டி விசாரித்து, அவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்று 1705-ஐ ஒட்டி ஓலை கொடுத்தார் என்று தர்ஸ்டன் தொகுதி பதிவு செய்கிறது. ஐயர், ஐயங்கார், சர்மா, ராவ் என்று பின்னொட்டுகள் வந்தன. சுற்றியிருந்த தமிழ்ப் பிராமணர்கள் இதை முழுதாக ஏற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் காற்று திசை மாறியபோது, அதே சமூகம் சௌராஷ்டிரர் (பட்டுநூல்காரர்) என்ற பெயரில் தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றது. ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் மாற்றிக்கொள்ளும் அதே வீட்டில் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்குப் பி.சி. சான்றிதழ் இருக்கிறது. இதைப் போலித்தனம் என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தறியில் கூலிக்கு நெய்து கடனில் வாழ்ந்தவருக்குச் சான்றிதழ் சொல்வது பொருளாதார உண்மை. பூணூல் சொல்வது, நாங்கள் வெறும் கைகளாக இங்கே வரவில்லை என்ற மறுப்பு. சமூகம் இரண்டையுமே கேட்டது.

தறியைப் பற்றி நல்லவிதமாகவே பேசிக்கொண்டிருந்தால் பொய்யாகிவிடும். கோர்வைத் தறியில் கரை நாடாவைத் தள்ள உட்கார்ந்தது பெரும்பாலும் பிள்ளைகள். சொந்தப் பிள்ளை இல்லாவிட்டால் முன்பணத்துக்கு வந்த பிறர் வீட்டுப் பிள்ளை. காஞ்சிபுரம் வட்டாரப் பட்டுத் தறிகள் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினைக்கு நாடறிந்த உதாரணமாகின. 1986-இல் சட்டம் வந்தபின்னும் பள்ளிக்கூடத்துக்கு அவர்களைக் கொண்டுவரப் பல ஆண்டுகள் பிடித்தன. மொழி தலைமுறை தாண்டியது இந்த இடத்தில்தான் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத உண்மை. அப்பாவின் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஏழு வயதுப் பிள்ளைக்குத் தொழிலும் மொழியும் சேர்ந்தே இறங்கின. அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போனது நல்லதே. போனதும் அதன் பகல் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறியது. பிறகு ஆரணியில் விசைத்தறி பெருகியது. கரை வைத்த பட்டுச் சேலையைக் கைத்தறிக்கு ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் இருக்க, விசைத்தறியில் அது ஓடியது. கூலி கட்டுபடியாகாத வீடுகளில் குழித்தறியை மூடித் தரை போட்டார்கள். பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். முறைப்பெண் கல்யாணமும் இப்போது குறைகிறது. மருத்துவரின் எச்சரிக்கை ஒரு காரணம், தறிக்கு இன்னொரு கை தேவைப்படாதது மற்றொன்று என்று நினைக்கிறேன்.

2023 ஏப்ரலில் சோமநாதபுரத்தில் சௌராஷ்டிரா தமிழ்ச் சங்கமம் நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து சிறப்பு ரயில்களில் ஆட்கள் போனார்கள். அங்கே பேசப்பட்ட குஜராத்தியும் இவர்களின் மொழியும் அத்தனை எளிதில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளவில்லை. நூற்றாண்டுகளுக்குப் பிறகு அது இயல்புதான். விழா எடுப்பவர்கள் மூலத்தைத் தேடுகிறார்கள். இந்த மக்களின் சாதனை இடைவழியில் நடந்தது.

என் வாதத்துக்கு எதிராக ஆரணியிலேயே ஒருவர் நிற்கிறார் என்று வாசகர் சொல்லலாம். பீஜப்பூர் படைகளோடு பதினேழாம் நூற்றாண்டில் வந்து ஆரணி ஜாகீரை ஆண்ட மராட்டியப் பிராமணக் குடும்பத்துக்குத் தறி ஏது? அவர்கள் வீட்டில் மராத்தி நீடித்தது. உண்மைதான். ஆள்கிறவர்களுக்கு மொழியைக் காக்கத் தறி வேண்டாம். நிலமும் அரண்மனையும் போதும். கூலிக்கு வேலை செய்து மொழியைக் காத்தவர்கள் என்று தேடினால் திரும்பவும் நெசவாளர்கள்தான் கிடைக்கிறார்கள்: கன்னடமும் தெலுங்கும் பேசும் தேவாங்கர், தெலுங்கு பேசும் பத்மசாலியர். எல்லோர் வீட்டிலும் தறி இருந்தது. கூடவே நெருக்கிக் கட்டிய தெருவும், தெருவுக்கொரு கோயிலும், பஞ்சாயத்தும் இருந்தன.

இன்று தமிழ்நாட்டுக்கு வருகிறவர்கள் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம், ஜார்கண்ட் ஆட்கள். அவர்களைப் பற்றி நாம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றே: தமிழ் கற்றுக்கொள்வார்களா? 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, அரசும் காவல்துறையும் மறுத்து, இந்தியில் அறிவிப்பு வெளியிட வேண்டியதானபோது, எத்தனை லட்சம் பேர் நம் நடுவே நம்மோடு பேச ஒரு பொது மொழியில்லாமல் இருக்கிறார்கள் என்று திடீரென உறைத்தது. சௌராஷ்டிரரைத் தெருவாக, கோயிலோடு நாம் ஏற்றோம் என்றால், இவர்களை ஒப்பந்தக்காரர் வழியாகத் தலைக்கு ஒருவராக எடுக்கிறோம். பெரும்பாலும் குடும்பம் இல்லாத இளைஞர்கள், வேலையிடத்துத் தகரக் கொட்டகையிலேயே படுக்கை. வீடும் வேலையும் ஒரே இடத்தில் இருப்பது இங்கேயும் உண்டு. ஆனால் இது வேலைக்குள் ஒரு பாய் விரித்துக்கொண்ட நிலை.

குடும்பத்தோடு வருகிறவர்களும் இருக்கிறார்கள், செங்கல் சூளைகளில். சென்னையைச் சுற்றிய திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவிலிருந்து ஆண், பெண், பிள்ளைகள் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து மண் பிசைந்து கல் அறுக்கிறார்கள், பிள்ளை பக்கத்தில். பழைய பட்டுத் தறியின் எல்லா அங்கங்களும், முன்பணம் உட்பட, இங்கே இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்காகச் சூளையிலேயே ஒடியா மொழியில் பாடம் நடத்தும் பள்ளிகளை அரசும் தொண்டு நிறுவனங்களும் நடத்திப் பார்த்திருக்கின்றன. ஆனால் சூளை ஓடுவது மழை இல்லாத அரையாண்டுதான். மழைக்கு முன் குடும்பம் ஒடிசாவுக்குத் திரும்புகிறது. அடுத்த பருவம் வேறு சூளை, வேறு முதலாளி, சில சமயம் வேறு மாநிலம். தமிழும் பாதி, ஒடியாவும் பாதி என்று பிள்ளையின் படிப்பு நிற்கிறது. இவர்கள் ஒரே ஊரில் மூன்று பருவம் சேர்ந்தாற்போல் தங்க வழிசெய்தால் என்ன ஆகும் என்று இதுவரை யாரும் செய்து பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.